வீட்டுக்குள் விஞ்ஞானம்: ராத்திரி 11 மணிக்கும் சீலிங் சுடுவது ஏன்?

சித்திரை மாதம், ராத்திரி 11 மணி. சூரியன் மறைந்து நாலரை மணி நேரம் ஆகியும் தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கம் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தூக்கம் வராது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் தலைக்கு மேலிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் வாங்கிய வெயிலை, கான்கிரீட் கூரை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பித் தருகிறது. ஃபேன் காற்றைத்தான் தள்ளும், கதிரைத் தள்ளாது.

கதிர் எப்படிப் பிறக்கிறது?

கான்கிரீட்டில் உள்ள சிலிக்கான் அணுவில் கொஞ்சம் நேர்மின்னூட்டம், ஆக்சிஜன் அணுவில் கொஞ்சம் எதிர்மின்னூட்டம். சூடு ஏற ஏற இவை பலமாக அதிரும், வினாடிக்குச் சுமார் 30 லட்சம் கோடி முறை! மின்னூட்டம் ஆடினால் அதைச் சுற்றியுள்ள மின்புலமும் ஆடும். மாறுகிற மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும். மாறுகிற காந்தப்புலம் மறுபடி மின்புலத்தை உண்டாக்கும். இப்படி இரண்டும் கைகோத்து, ஒளியின் வேகத்தில் கிளம்புவதுதான் அகச்சிவப்புக் கதிர். அது தோலில் பட்டதும் அங்குள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டிவிடும். நமக்குச் சூடு தெரியும்.

மாடி ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை?

காற்றில் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனும். இரண்டுமே ஒரே மாதிரி அணுக்களின் ஜோடி என்பதால் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்வதில்லை. கதிர் அவற்றைத் தாண்டி வானத்துக்குப் போய்விடும். நீராவியில் மின்னூட்டம் சாய்ந்திருக்கிறது. அது கதிரைப் பிடித்து, ஒரு பகுதியைக் கீழேயே திருப்பி அனுப்பும். கடலோரச் சென்னையில் நீராவிக்குப் பஞ்சமா என்ன?

காற்று மண்டலத்தில் கதிர் இப்படி மாட்டி மாட்டிப் பயணிக்கும் கணக்கை 1950-ல் பெரிய நூலாகவே எழுதினார் விஞ்ஞானி சந்திரசேகர். மயிலாப்பூர் 'சந்திர விலாஸ்' வீட்டிலிருந்து மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்றவர்.

என்ன செய்யலாம்?

மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பகலில் வெயிலைத் திருப்பிவிடும். ராத்திரியில் அகச்சிவப்பைத் தாராளமாக மேலே விடும். ராத்திரியிலும் உடம்பு ஆறாவிட்டால் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆபத்து. வெயில் காலம் முடியும்வரை அவர்கள் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கோ, கூரை வெயில் படாத அறைக்கோ மாற்றிவிடுங்கள்.

செய்து பாருங்கள்: டிவி ரிமோட்டை செல்ஃபி கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, பெரும்பாலான போன் திரைகளில் வெளிச்சப் புள்ளியாக மின்னும்!