தேவாலயக் கூரையில் செஸ் ஆட்டம்!

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ அரண்மனைக்குள் இருக்கிறது 'கப்பெல்லா பலத்தினா' தேவாலயம். அரபு ஆட்சியிடமிருந்து தீவைப் பிடித்த நார்மன் வம்சத்தின் மன்னர் இரண்டாம் ரோஜர், 12-ம் நூற்றாண்டில் கட்டியது. சுவரெங்கும் கிரேக்க பாணித் தங்க மொசைக்கில் இயேசு. அண்ணாந்து பார்த்தால், தேன்கூடு போல அடுக்கடுக்காகத் தொங்கும் அரபு பாணி மரக்கூரை. படங்கள் பொடிசு, செல்போனில் ஸூம் செய்துதான் பார்க்க வேண்டும். வாத்தியம் வாசிக்கிறார்கள், மது அருந்துகிறார்கள், இருவர் செஸ் ஆடுகிறார்கள்! திருப்பலியின்போது எத்தனை பேர் கண் மேலே போயிருக்குமோ?

ரோஜரின் தண்ணீர்க் கடிகாரத்துக்கு 1142-ல் வைத்த கல்வெட்டிலும் லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றும் உண்டு. அடுத்த நூற்றாண்டில் அவருடைய பேரன் இரண்டாம் ஃபிரெடெரிக், சிசிலி முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாகத் தீவைவிட்டே வெளியேற்றி, தென் இத்தாலியின் லூச்சேராவில் குடியேற்றிவிட்டார். செஸ் ஆடும் இருவரும் கூரையிலேயே இருக்கிறார்கள்.