குப்பைக்குக் கட்டணமா, கூரைக்குக் கட்டணமா?

சொத்து வரிச் சலானோடு ஒட்டிக்கொண்டு வரும் குப்பைக் கட்டணத்தைப் பற்றி பெங்களூரு பிரேசர் டவுன்வாசிகளுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். கட்டாமல் இருக்க வழியும் இல்லை; வரியோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் தொகையைப் பற்றி நமக்குப் பெரிய வருத்தமில்லை. குப்பையை அள்ளப் பணம் வேண்டும், யார் மறுத்தார்கள்? அதே சலானில் குப்பை செஸ் என்று ஏற்கெனவே ஒன்று இருக்க, இன்னொன்று எதற்கு என்ற கேள்வியைக்கூட இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். ஆத்திரம் வருவது கணக்குப் போட்ட விதத்தைப் பார்த்துத்தான்.

2025இல் போட்ட அட்டவணைப்படி, வீடு 600 சதுர அடிக்குள் என்றால் மாதம் 10 ரூபாய். ஆயிரம் வரை 50. இரண்டாயிரம் வரை 100, மூவாயிரம் வரை 150, நாலாயிரம் வரை 200, அதற்கு மேல் 400. அந்த வீட்டிலிருந்து எவ்வளவு குப்பை வெளியே போகிறது, பிரித்துப் போகிறதா, கலந்து போகிறதா, எதையும் இந்த அட்டவணை விசாரிப்பதில்லை. மாஸ்க் ரோட்டில் சாப்பிடப் போனவனிடம், தின்ற பிரியாணியை விட்டுவிட்டு உட்கார்ந்த மேசையின் அகலத்துக்குப் பில் நீட்டினால் சும்மா விடுவானா?

வீலர் ரோட்டை ஒட்டிய தெருக்களில் இன்னும் இடிபடாமல் நிற்கும் பழைய வீடுகளில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பெரியவரும் அம்மாவும் மட்டும். பின்கட்டில் மண்ணாலான மூன்றடுக்கு உரப் பானை, கம்பா. மேல் பானையில் இன்றைய கீரைத் தண்டும் வாழைப்பழத் தோலும். நடுப் பானையில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்த போன மாத மிச்சம். அடிப் பானையில் கையில் எடுத்தால் உதிரும் கறுப்பு உரம். பால் கவரைக்கூட அலசிக் காயவைத்து, உலர் குப்பை வண்டி வரும் நாளில்தான் கொடுக்கிறார்கள். ஈரக் குப்பை என்று அந்த வீட்டு வாசலைத் தாண்டி எதுவும் போவதில்லை. தாத்தா காலத்து வீடு 2,400 சதுர அடி என்பதால் இவர்களுக்கு மாதம் 150 ரூபாய். நாலு வீடு தள்ளி, அடுக்குமாடியில் 950 சதுர அடி பிளாட். இரவுதோறும் ஆப்பில் வரவழைத்த சாப்பாட்டின் டப்பாக்கள், மிச்சச் சோறு, குழந்தையின் டயபர், எல்லாம் ஒரே கறுப்புப் பையில். அவர்களுக்கு 50 ரூபாய். ஒழுங்காக இருந்த குற்றத்துக்கு மூன்று மடங்கு!

எடை போடத் தெரியாது என்றும் மாநகராட்சியார் சொல்ல முடியாது. கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் நாளுக்கு எத்தனை கிலோ என்றுதான் கணக்கு. 5 கிலோ வரை மாதம் 500 ரூபாய் என்று அங்கிருந்து ஏறுகிறது. ஆக, கடைக்குப் புரிந்த நியாயம் வீட்டுக்கு வரும்போது மறந்துவிடுகிறது. தென்கொரியாவின் சியோலில் 2013 முதல் உணவுக் கழிவுக்குக் கொட்டும் அளவைப் பார்த்தே பணம். தைபேயில் கட்டணத்தைக் குப்பைப் பையின் விலையிலேயே சேர்த்துவிட்டார்கள். குறைவாகக் கொட்டுகிறவர் குறைவான பை வாங்குகிறார். வாசலுக்கு வாசல் தராசு வைப்பது சிரமம் என்பார்கள். இருக்கட்டும். எந்த வீட்டில் பிரித்துத் தருகிறார்கள், எந்த வீட்டில் தருவதில்லை என்பது அன்றாடம் வரும் துப்புரவுத் தொழிலாளியான பௌரகார்மிகருக்கு மனப்பாடம். அவரைக் கேட்கத்தான் யாருமில்லை.

பிரித்துக் கொடுத்ததாவது பிரிந்தபடியே போகிறதா? 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்ன இரண்டு தொட்டி, ஒரு பை முறையை இந்தப் பகுதியில் பல வீடுகள் இன்றும் விடாமல் கடைப்பிடிக்கின்றன. பச்சைத் தொட்டியில் ஈரம், சிவப்பில் சுகாதாரக் கழிவு, பையில் உலர்ந்தது. ஆட்டோ டிப்பரின் பக்கவாட்டில் தொங்கும் சாக்கு நிரம்பும் வரை எல்லாம் சரியாக நடக்கும். நிரம்பியதும் காகிதமும் பிளாஸ்டிக்கும் சாம்பார் மிச்சத்தின் மேலேயே விழுகின்றன. பிறகு தெருமுனையில் காம்பாக்டர் லாரி அத்தனையையும் சேர்த்து நசுக்குகிறது. அதிலிருந்து ஒழுகும் கறுப்புச் சாறு ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போகிறது. பின்னால் வரும் ஸ்கூட்டர்காரர் வழுக்காமல் போனால் அது அவர் பாக்கியம். வண்டிக்கு இன்னும் இரண்டு சாக்கு கொடுக்காத மேலதிகாரியை எந்த அட்டவணையும் தொடுவதில்லை.

குப்பையை இப்படிக் கையாள்வது மாநகராட்சியாருக்குப் புதிய பழக்கமும் அல்ல. நகருக்கு வெளியே மாவள்ளிபுராவில் மலையாகக் கொட்டி, ஊர்க்காரர்களின் கிணற்றைக் கெடுத்து, 2012இல் அந்தக் கதவு மூடியபோது நகரமே நாறியது. உடனே மண்டூர். 2014 முடிவில் அங்கேயும் மக்கள் விடவில்லை. பிறகு மிட்டகானஹள்ளி கல்குவாரி. 2025 தொடக்கத்தில் அந்த ஊர்க்காரர்களும் லாரிகளை மறித்தார்கள். 2016 மார்ச்சில் பிளாஸ்டிக் பைக்கும் தட்டுக்கும் மாநிலம் முழுவதும் தடை என்றார்கள். தடை செய்த பை இன்றும் காய்கறிக் கடையில் கேட்காமலே கிடைக்கிறது. குப்பைக் கட்டணத்திலும் இதே கதைதான்: 2020இல் வீட்டுக்கு 200 ரூபாய், மின் கட்டணத்தோடு வசூல் என்று கிளம்பி, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். 2022இல் மறுபடி மின் கட்டணம் என்ற பேச்சு. பிறகுதான் இந்தச் சதுர அடி ஞானம். பத்தாண்டுக்கு மேல் யோசித்தும் இவர்களுக்குக் கிடைத்தது ஒரு அளவு டேப்.

போதாததற்கு 2025 அக்டோபர் கடைசியில், தெருவில் குப்பை வீசியவர் வீட்டு வாசலிலேயே குப்பையைக் கொண்டுவந்து கொட்டி, அதற்குத் திருவிழா என்று பெயரும் வைத்தார்கள். தப்புச் செய்தவனைத் தேட கேமராவும் மார்ஷலும் அபராதமும் உண்டு. ஒழுங்காக இருந்தவனைத் தேட ஒரு ஆள் கிடையாது. 1898 பிளேக்கில் கன்டோன்மென்ட்டின் நெரிசலும் அழுக்கும் தந்த பாடத்தால், 1906இல் காற்றும் வெளிச்சமும் பார்த்துத் திட்டமிட்டுக் கட்டிய பேட்டை நம் பிரேசர் டவுன். நூறாண்டுக்கு முந்தைய அதிகாரிகளுக்கு எலியும் அழுக்கும் எங்கே இருக்கின்றன என்று நடந்துபோய்ப் பார்க்கத் தோன்றியது. இன்றைய அதிகாரிகளுக்குச் சொத்துப் பதிவேட்டைத் திறந்தாலே போதுமாம்.

இந்த அட்டவணையைத் திரும்பப் பெற வேண்டும். குறைவாகக் கொட்டுகிறவருக்குக் குறைவாகவும், கலந்து கொட்டுகிறவருக்குக் கூடுதலாகவும் வரும்படி ஒரு நியாயமான வழியைக் குடியிருப்போரையும் பௌரகார்மிகரையும் உட்காரவைத்துக் கேட்டு வகுக்கட்டும். அடுத்த சலானுக்கு முன் அதைச் செய்யட்டும். அதுவரை, பிரித்துக் கொடுங்கள், வீட்டிலேயே உரம் போடுங்கள் என்று காலையில் வண்டியில் ஒலிபரப்புவதையாவது நிறுத்தி வைக்கலாம்.