விபத்துக்குக் காரணம்: கவனக்குறைவு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் பெரிய கார் கம்பெனிகளின் பெயர்ப்பலகைகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அந்தக் கம்பெனிகளுக்கும் அவற்றின் வெண்டார்களுக்கும் தகடு வெட்டி, வளைத்து, துளையிட்டு அனுப்பும் சின்ன ஷெட்டுகள் சாலையிலிருந்து கண்ணில் படுவதில்லை. கதவுக் கீல், சீட்டைத் தாங்கும் கிளாம்பு போன்றவை இப்படிப்பட்ட ஷெட்டுகளில் பவர் பிரஸ்ஸின் அடியில்தான் உருப்பெறுகின்றன. அந்தப் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் போனால், விபத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் சிரமமில்லாமல் எழுதிவிடக்கூடிய ஒரு சொல் உண்டு: கவனக்குறைவு. இந்தச் சொல்லை நாம் எதிர்க்கிறோம். அது விரல் இழந்தவருக்குச் செய்யும் அநீதி. மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிச் சொல்லப்படும் பொய்யும்கூட.

பிரஸ்ஸில் புதிதாக நிற்கும் பையனைப் பாருங்கள். தகட்டை எடுப்பான், டையின் மேல் வைப்பான், முட்டில் சரியாக இடித்து நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பான், இரண்டு கையும் வெளியே வந்துவிட்டதா என்று மனசுக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்வான், பிறகுதான் பெடலை மிதிப்பான். ஒவ்வொன்றும் தனித்தனி முடிவு. சில வாரங்களில் இந்த முடிவுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அசைவாகிவிடும். கால் எப்போது மிதித்தது என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. பக்கத்து மெஷின்காரரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பான், கை தன்பாட்டுக்கு வேலை பார்க்கும். கை செட் ஆகிவிட்டது என்று சூப்பர்வைசர் திருப்திப்படுவதும் அப்போதுதான். ஆறு விநாடிக்கு ஒரு பீஸ் என்று வைத்துக்கொண்டால், சாப்பாடும் டீயும் போக ஏழு மணி நேரத்தில் 4,200 அடிகள். அத்தனை முறையும் யோசித்து யோசித்து மிதிப்பவரால் டார்கெட்டைத் தொட முடியாது. யோசிக்காமல் செய்யப் பழகியவரே அந்த வேலையில் நிலைக்கிறார்.

மனம் இப்படி வேலையைக் கைக்கு ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவதைப் பற்றி வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியான தம் உளவியல் நூலில் ஓர் அத்தியாயமே எழுதினார். அதைவிடத் துலக்கமான சான்று பின்னால் வந்தது. வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரால் அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரை, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். மூன்று நாள் பயிற்சியில் கோடு பிசகுவது குறைந்துகொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த வேலையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதாகவே அவர் நினைத்தார். ‘நான்’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்த ஒருவருக்குத் தெரியாமலேயே கை கற்றுக்கொள்கிறது. கற்றதை அவரைக் கேட்காமலேயே செய்கிறது.

இனி விபத்துக்கு வருவோம். ஆயிரக்கணக்கான அடிகளில் ஒன்றில், அடிபட்ட பீஸ் டையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதைத் தட்டிவிடக் கை உள்ளே போகிறது. காலோ எப்போதும்போல் அடுத்த மிதியை மிதிக்கிறது. கை செய்ததும் பழகிய வேலை, கால் செய்ததும் பழகிய வேலை. இரண்டுக்கும் நடுவே நின்று ‘பொறு’ என்று சொல்ல வேண்டிய அறிவை, வேகத்துக்காக நாமே முன்பு விலக்கி வைத்தோம். ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் மனிதத் தவறுகளைப் பற்றி 1990-இல் எழுதிய நூலில் இதை அழுத்தமாக விளக்குகிறார். தவறான முடிவெடுப்பது வேறு, கை தவறிப்போவது வேறு. கை தவறுவது வேலை தெரியாததால் வருவதில்லை. வேலை உடம்பில் ஊறிப்போனதால் வருவது. லீவு நாளில் வேறு எங்கோ போகக் கிளம்பியவர் கம்பெனிக்குப் போகும் பாதையிலேயே வண்டியைத் திருப்பிவிடுகிறாரே, அதே தவறுதான் இது. சாலையில் அதற்கு விலை இரண்டு நிமிடம், பிரஸ்ஸில் விரல்.

அப்படியானால் அந்த இடத்தில் அறிந்தே எடுக்கப்பட்ட முடிவு எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது பெடலின் மேல் இருந்த காலில் இல்லை. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும் என்ற பட்டன் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை சென்சாரும் உண்டு. பட்டனில் ஒன்றை டேப் ஒட்டி அமுக்கி வைத்ததும், பழுதான சென்சாரைத் துண்டித்துவிட்டு ‘ஓட்டு’ என்றதும், டார்கெட்டை ஏற்றியதும், பீஸ் விலையை மேலே இருப்பவர் குறைத்ததும் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவுகள். அவற்றை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. தானாக இயங்கிய கைக்கு மட்டும் நனவும் நோக்கமும் கற்பித்து, குற்றத்தை அதன்மேல் ஏற்றுகிறோம்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்கூட இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தொழிலாளி குடித்திருந்தாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினாலோ, தடுப்பை வேண்டுமென்றே அகற்றினாலோ மட்டும் முதலாளி இழப்பீட்டிலிருந்து தப்பலாம் என்றது. பின்னர் வந்த திருத்தங்களால் சாவிலும் முழு நிரந்தர ஊனத்திலும் அந்த விலக்கும் செல்லாது என்றானது. வெறும் அசதியும் மறதியும் விலக்குப் பட்டியலிலேயே இல்லை. அந்தச் சட்டத்தின் பின்னாளில் திருத்தப்பட்ட அட்டவணையில் கட்டைவிரலுக்கு 30 சதவீதம், முழு ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12 என்று சம்பாதிக்கும் திறனின் இழப்பைக் கணக்கிட்டிருந்தார்கள். நூறாண்டுக்கு முன்பே சட்டம் பார்த்த வேறுபாட்டை இன்றைய ஷெட்டின் பதிவேடு பார்க்க மறுக்கிறது.

கவனமாக இரு என்று திட்டாமலேயே தவறைத் தடுக்க முடியும் என்பதற்கு ஜப்பானில் பழைய உதாரணம் இருக்கிறது. 1961-இல் யமாதா எலக்ட்ரிக் தொழிற்சாலையில், ஒரு சின்ன சுவிட்ச்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டிய வேலை. அவ்வப்போது ஒன்று விட்டுப்போகும். கண்டித்துப் பார்த்தார்கள், எச்சரித்துப் பார்த்தார்கள், பலனில்லை. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் வேலையின் முதல் படியை மாற்றினார்: முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சிறு தட்டில் வை, பிறகு சுவிட்ச்சில் பொருத்து. பொருத்திய பின் தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் கண்ணே சொல்லிவிடும். ஷிங்கோ தொழிலாளியின் மனத்தைத் திருத்தப் போகவில்லை. மனம் மறக்கும் என்பதை ஒப்புக்கொண்டு மேஜையைத் திருத்தினார். நம் ஒரகடத்துக் கம்பெனிகளின் பயிற்சி வகுப்புகளில் இந்த முறையின் பெயர் நன்றாகவே அடிபடுகிறது. உதிரிபாகம் குறையின்றி வர அதைக் கையாளும் அக்கறை, விரல் குறையாமல் இருக்கவும் ஷெட்டு வரை வந்து சேர வேண்டும்.

இரவு ஷிப்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை உடம்பின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம். கண் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் மூளை தூங்கிப்போகும். தூங்கியவருக்கு அது தெரியாது. இப்படி இருக்கும் உடம்பைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஓவர்டைம் என்ற பெயரில் அதே நேரம் இன்னும் பல ஷெட்டுகளில் ஓடுகிறது. சேஃப் இன் இந்தியா என்ற அறக்கட்டளை, பெரும்பாலும் ஹரியானாவின் குர்கான், மானேசர் பகுதியில் விரல் நசுங்கியவர்களின் சாட்சியத்தைக் கொண்டு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. பவர் பிரஸ், வேலை செய்யாத சென்சார், நீண்ட வேலை நேரம், புலம்பெயர்ந்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளி என்று அவை காட்டும் படத்தில் நம் பகுதியைப் பொருத்திப் பார்ப்பது கடினமில்லை.

இங்கே வேலை செய்பவர்கள் யோசிக்கத் தெரியாதவர்கள் அல்ல. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோயுற்றபோது, ஐபோன் தயாரிக்கும் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லைன் நின்றபோது அவர்கள் கூடிப் பேசினார்கள், முடிவெடுத்தார்கள். எந்த மெஷின் அடுத்த விரலைக் கேட்கும் என்று அதில் நிற்பவருக்கு முன்கூட்டியே தெரியும். அதை அவர் சொல்வதற்கான இடம்தான் இல்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் சட்டத்துக்கு 1987-இல் வந்த திருத்தம், தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. ஆனால் அபாயகரமான செயல்முறைகள் உள்ள தொழிற்சாலைகளுக்கே அது பொருந்தியது. சின்ன பிரஸ் ஷெட்டுக்கு அது எட்டவில்லை.

ஆகவே தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் நம் கோரிக்கை இது. விபத்து அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதி முடிப்பதை ஏற்கக் கூடாது. விபத்து நடந்தது ஷிப்ட்டின் எத்தனையாவது மணி நேரத்தில், தொடர்ந்து எத்தனையாவது நாள் ஓவர்டைம், அன்றைய டார்கெட் எவ்வளவு, அது கடைசியாக எப்போது ஏறியது, சென்சார் எந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை, அதே மெஷினில் இதற்குமுன் மயிரிழையில் தப்பியவர் யார் ஆகிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். இந்த வட்டாரத்தில் பிரஸ்ஸில் நிற்கும் வாசகர்களே, உங்கள் மெஷினைப் பற்றி இதே கேள்விகளுக்கான பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பெயரும் கம்பெனியும் போடாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம், ஒரு பிரதியை இயக்ககத்துக்கும் அனுப்புகிறோம்.