நிழலுக்கும் ஒரு பேரேடு வேண்டும்

பத்திரிகைத் தொழிலில் ஆண்டுதோறும் மாறாமல் வரும் படம் ஒன்று உண்டு. ஜூன் 5ஆம் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தன்று, பிரமுகர் ஒருவர் மரக்கன்றொன்றுக்கு நீரூற்றுவார்; சூழ நிற்போர் கமராவைப் பார்த்துப் புன்னகைப்பர். பெயரை மட்டும் மாற்றினால் சென்ற ஆண்டின் படவிளக்கமே போதும். அக்கன்று மறு ஆண்டு உயிருடன் இருந்ததா என்று விசாரித்த செய்தியை நான் வாசித்ததில்லை.

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி, கொள்ளுப்பிட்டி டுப்ளிகேஷன் வீதியில் தெனியாய நோக்கிச் சென்ற பேரூந்தின் மீது மரம் வீழ்ந்து ஐவர் மாண்டனர். ஆபத்தான மரங்களை அகற்றுங்கள் என்று அதன்பின் எழுந்த குரல் நியாயமானதே. ஆயினும், அகற்றிய இடத்தில் எதனை நடுவது, எப்போது நடுவது, யார் பராமரிப்பது என்ற வினாவுக்கு அதே அளவு குரல் எழவில்லை. வீதியோர மரத்திற்கு எசமானர் பலர். வீதி ஒருவருடையது, நடைபாதை இன்னொருவருடையது. மேலே மின்கம்பி, கீழே நீர்க்குழாய். கிளையை வெட்டுபவருக்கு வேரை அறுப்பவர் யாரென்று தெரியாது.

வெப்பமும் எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை. கறுவாத்தோட்டத்து வீதிகளில் தூங்குமூஞ்சி மரங்கள் (சிங்களத்தில் 'மாரா') குடை விரித்து நிற்கின்றன. கொட்டாஞ்சேனைக்கோ கிராண்ட்பாஸுக்கோ போய்ப் பாருங்கள்: தகரக்கூரை, கொங்கிறீற்று, தார். பகலில் அவை உறிஞ்சிய வெப்பத்தை இரவில் வெளிவிடுகின்றன. குளிரூட்டி வாங்க வசதியில்லாதவன் அங்கேதான் உறங்க வேண்டும். மரம் வெயிலை மறைப்பதோடு நில்லாது, இலைவழியே நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தையும் தணிக்கிறது. கொழும்பின் ஈரக்காற்றில் இந்த ஆவியாதல் தரும் பயன் வறண்ட நகரங்களைவிடக் குறைவு. ஆகவே இங்கு நிழலே முதன்மையானது. அது விழும் இடமும் முக்கியமானது.

எம்மவர் பலர் வாழும் மெல்பேர்ண் நகரைப் பாருங்கள். 2009 ஜனவரி இறுதியில் மூன்று நாட்கள் தொடர்ந்து அங்கு வெப்பநிலை 43 பாகை செல்சியஸைத் தாண்டியது. அவ்வெப்ப அலையின்போது விக்டோரியா மாநிலத்தில் வழமையைவிட 374 பேர் கூடுதலாக இறந்தனர் என அரச சுகாதார அறிக்கை கூறியது. நீண்ட வறட்சியால் மரங்களும் நலிந்திருந்தன. நகரசபை முதலில் கணக்கெடுத்தது. 10 ஆண்டுகளுக்குள் 23 வீதமான மரங்களும் 20 ஆண்டுகளுக்குள் 39 வீதமானவையும் பயன்தரும் ஆயுளை முடித்துவிடும் எனத் தெரிந்தது. 2012இல் வகுத்த திட்டத்தின்படி, பொது இடங்களில் 22 வீதமாக இருந்த மரநிழற் பரப்பு 2040இல் 40 வீதமாக வேண்டும். ஓரினம் 5 வீதத்தைத் தாண்டக்கூடாது என்றும் விதித்தார்கள். நோய் ஒன்று வந்தால் வீதியே மொட்டையாகிவிடக் கூடாதல்லவா! மரங்களுக்கு இலக்கமும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள். முறைப்பாடுகளுக்காகத் திறந்த முகவரிக்கு மக்கள் காதற் கடிதம் எழுதினார்கள் என்பது தனிக்கதை.

மெல்பேர்ணின் பணம் எம்மிடம் இல்லை என்பர் சிலர். அங்கு முதலில் நடந்தது நடுகை அல்ல, எண்ணிக்கை. அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. எந்த மரம், என்ன வயது, எத்தனை ஆண்டு தாங்கும் என்ற பேரேடு ஒன்றிருந்தால், வீழும் மரத்தை முன்கூட்டியே அறியலாம். அதன் அருகில் இளங்கன்றை நேரகாலத்தோடு நட்டும் வைக்கலாம். கொள்ளுப்பிட்டியில் மாண்டவர்களுக்கும் கொட்டாஞ்சேனையில் வேகுபவர்களுக்கும் தேவைப்பட்டது அந்த ஒரே பேரேடுதான். அதைப் பார்க்காமல் எந்தத் திணைக்களமும் கோடரியையோ மண்வெட்டியையோ தூக்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் வேண்டும்.

ஒடுங்கிய ஒழுங்கைகளில் மரத்துக்கு இடமேது என்பது மெய்யான தடை. ஆனால் அங்கும் பாடசாலை முற்றங்கள் உண்டு. கோயில், தேவாலய வளவுகள் உண்டு. வெயிலில் மக்கள் காத்துநிற்கும் பேரூந்துத் தரிப்பிடங்கள் உண்டு. பேரேட்டின் முதற்பக்கத்தை அங்கிருந்து எழுதத் தொடங்கலாம்.