தரகர் யாருடைய ஆள்?

மனையில் முதலீடு செய்ய விரும்புவோருக்கு ஒரே அறிவுரைதான் திரும்பத் திரும்ப வழங்கப்படுகிறது: அனுபவமுள்ள, நம்பிக்கையான, நாலு பேருக்குத் தெரிந்த தரகராகப் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வறிவுரை பயனற்றது என்பதே நம் வாதம். அது தரகரின் குணத்தை ஆராயச் சொல்கிறது. அவருக்குக் கூலி யாரிடமிருந்து, எப்போது வருகிறது என்று கேட்கச் சொல்வதில்லை.

கணக்கைப் பார்ப்போம். 50 லட்ச ரூபாய் மனைக்கு 2 விழுக்காடு தரகு எனக் கொள்வோம். தரகர் நமக்காக வாதாடி விலையை 5 லட்சம் குறைத்தால் நமக்கு மிச்சம் 5 லட்சம். அவருக்கு நட்டம் 10,000. பேரம் முறிந்தாலோ அவருடைய 1 லட்சமும் போயிற்று. விற்பவரிடமும் தரகு பெறுபவராயின் இழப்பு இரட்டிப்பாகிறது. இந்த ஏற்பாட்டுக்குள் நின்றுகொண்டு ஒருவர் விலையைக் குறைப்பார், வில்லங்கத்தைத் தாமே தோண்டி எடுத்துக் காட்டுவார் என்று எதிர்பார்ப்பதை வெகுளித்தனம் என்றுதான் சொல்லவேண்டும்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, ரெரா என்று வழங்கும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற திட்டங்களில் விற்றுத்தரும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் 5 விழுக்காடு வரை அபராதம். ஆனால் தனியொருவர் தம் மனையை இன்னொருவருக்கு மறுவிற்பனை செய்வது இதன் வரம்புக்குள் வருவதில்லை. தேநீர்க்கடை பெஞ்சில் முடிகிற பேரங்கள் இவ்வகையினவே. ஆகவே பதிவு எண்ணைக் கேட்பது அவசியம். அத்தோடு திருப்தியடைவது ஆபத்து.

மொழியோடு உறவுடைய நாம் தரகு மொழியையும் சற்றுக் கவனிக்க வேண்டும். 'பட்டா ரெடி' என்கிறார்கள். பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அதுமட்டுமே உரிமைக்கு முழுச் சான்றாகாது. 'வில்லங்கம் சுத்தம்' என்கிறார்கள். வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதியப்படாத உயிலையோ, நாளை பங்கு கேட்டு வரக்கூடிய வாரிசையோ காட்டாது. 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் எந்த விற்பனை வருணனையில் இடம்பெற்றிருக்கும்?

அப்படியானால் நல்ல தரகரே இல்லையா? இருக்கிறார்கள். எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை, எந்த வழித்தடத்தை அண்டை நிலத்துக்காரர் மறிப்பார் என்பதை எந்த அலுவலகக் கணினியும் சொல்லாது. ஊரறிந்த தரகர் சொல்வார். அந்த அறிவுக்கு நம் சமூகம் வைத்திருக்கும் விலை என்ன? 'வாங்காதீர்கள்' என்றவரை வெறுங்கையோடு அனுப்புகிறோம்; 'வாங்குங்கள்' என்றவருக்கு லட்சம் தருகிறோம். உண்மைக்குக் கூலி இல்லாத தொழிலில் உண்மை அருகிப்போவதில் வியப்பென்ன?

எனவே தேர்வு முறையையே மாற்றவேண்டும். விலையோடு சேர்ந்து ஏறாத ஒரு தொகையை முன்கூட்டியே எழுதிக்கொள்ளச் சம்மதிப்பவரைத் தேடுவோம்; பேரம் முறிந்தாலும் அலைந்த உழைப்புக்குக் கூலி தருவோம். எதிர்த்தரப்பில் என்ன பெறுகிறார் என்று நேராகக் கேட்போம். விற்பவர் அவர் பெயருக்கே பவர் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் விற்பவரின் முகவர். நமக்கு ஆலோசகராக முடியாது. மூலப்பத்திரங்களைப் படிக்க அவர் கைகாட்டும் வழக்கறிஞரிடம் போகாமல், நாமே தேர்ந்த ஒருவரிடம் போவோம்.

இறுதியாக ஒரு கேள்வி: "எந்த மனையை வாங்கவேண்டாமென்று யாரையாவது தடுத்திருக்கிறீர்களா? ஏன் தடுத்தீர்கள்?" இதற்குத் திணறாமல் காரணத்தோடு விடை சொல்பவரிடம் பேச்சைத் தொடங்கலாம். சிரித்து மழுப்புபவர் எத்தனை பேருக்குத் தெரிந்தவராயினும், ஓர் ஆயுளின் சேமிப்பை அவர் கையில் ஒப்படைக்க முடியாது.