கருவுக்கு முன்னே காப்பு

கேரள எல்லையில் அமைந்த களியக்காவிளையைச் சூழ்ந்த விளவங்கோடு வட்டத்துச் சிற்றூர்களில் முந்திரி ஆலைகளில் நாள்முழுதும் உழைக்கும் பெண்கள் பலர். வீட்டார் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கமும், சோர்வை இயல்பெனக் கொள்ளும் மனப்பாங்கும் நம் இல்லங்களில் இன்னும் மறையவில்லை. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் என 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது.

கருவுற்ற பெண்ணைப் பேணுவதில் தமிழகம் பெருமைப்படத்தக்க நிலையை எட்டியுள்ளது. எனினும், அப்பேணுதல் கருவுற்ற பின்னரே தொடங்குவது போதுமா? மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழல், கரு உருவான 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. தாய்மையை உறுதிசெய்து மருத்துவரை நாடும்போது அக்காலம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. ஆதலால், கருவுற விழையும் காலம் முதலே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ருபெல்லாத் தடுப்பூசியையும் கருவுற்றபின் இடலாகாது. முன்னரே இட்டுக்கொள்ள வேண்டும். இரத்தசோகையும் சர்க்கரை நோயும் முன்கூட்டியே அறியப்பட்டால்தான் அவற்றைச் சீர்செய்யப் போதிய காலம் கிடைக்கும்.

‘கருவுறாத பெண்ணுக்கு மருத்துவமனையில் என்ன வேலை?’ என வினவுவோர் உண்டு. பெண்ணின் நலம் பிள்ளைப்பேற்றுக்காக மட்டும் பேணப்படுவதன்று. அது முதலில் அவளுக்கே உரியது. பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையை மாணவியர் தவறாது உட்கொள்வது அதன் தொடக்கம். உணவையும் வேலையையும் சமமாகப் பகிர்ந்துகொள்வது அவ்வில்லத்து ஆடவரின் கடமை.