ஐசியு நர்ஸை வார்டுக்கு அனுப்பினா ஆள் பற்றாக்குறை தீராது!

தாம்பரத்துல புது அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையை 2025 ஆகஸ்ட்ல திறந்தாங்க. வரவேற்கிறோம். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர்னு ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி வாழுற மக்களுக்கு, விபத்துன்னாலும் நெஞ்சுவலின்னாலும் பக்கத்துலயே ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டாயம் வேணும். ஆனா கட்டடம் ஊசி போடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு டிரிப்ஸ் தீர்ந்தா வந்து மாத்தாது. அதுக்கு நர்ஸ் வேணும்.

ஆள் குறைஞ்சா ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் எடுக்கிற குறுக்குவழி ஒண்ணு இருக்கு. அரசு, தனியார் ரெண்டுலயும் இதேதான். "இன்னைக்கு ஐசியுவுல நோயாளி கம்மி. ரெண்டு சிஸ்டரை ஜெனரல் வார்டுக்கு அனுப்பு." காகிதத்துல பார்த்தா கணக்கு சரியா இருக்கும். நோயாளியோட படுக்கைகிட்ட நின்னு பார்த்தாதான் தப்பு தெரியும்.

ஐசியு நர்ஸோட வேலை ஒரு நோயாளியை, அதிகபட்சம் ரெண்டு பேரைக் கண் எடுக்காம பார்க்கிறது. வென்டிலேட்டர் அலாரம், சக்‌ஷன், மணிக்கு மணி பிபி, சிறுநீர் அளவு, மருந்து பம்ப்போட வேகம். ஜெனரல் வார்டு வேற உலகம். நாற்பது நோயாளி, மருந்து டிராலி, புது அட்மிஷன், டிஸ்சார்ஜ், கேள்வி மேல கேள்வி கேட்கிற உறவினர்கள். இதுல யார் உடம்பு திடீர்னு மோசமாகும்னு மோப்பம் பிடிக்கிறதே வார்டு சிஸ்டரோட அனுபவம். ரெண்டுமே திறமைதான். ஆனா ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு தானா வந்துடாது. மருந்து எந்த அலமாரியில இருக்குன்னே தெரியாத வார்டுல ஒருத்தரைத் தனியா நிறுத்தினா, அவருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து.

அந்த நேரம் பார்த்து ஐசியுவுக்கு ரெண்டு சீரியஸ் கேஸ் வந்தா? அங்க மிச்சம் இருக்கிற நர்ஸ் மூணு வென்டிலேட்டரைப் பார்க்கணும். ஆக, ஒரு பள்ளத்தை மூட இன்னொரு பள்ளம் தோண்டுறோம்.

இப்ப கணக்குக்கு வருவோம். வென்டிலேட்டர்ல இருக்கிறவருக்கு ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ்னு இந்திய தீவிர சிகிச்சை மருத்துவ சங்கத்தோட வழிகாட்டுதல் சொல்லுது. அப்படி 10 படுக்கைன்னா, மூணு ஷிஃப்டுக்கு தினம் 30 பேர் வேணும். வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுத்தாலே அது 35 ஆகுது. காய்ச்சல், பேறுகால விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்தா 40கிட்ட போயிடும். 30 பேரை மட்டும் வெச்சுக்கிட்டு ஓட்டினா, பற்றாக்குறை திடீர்னு வர்றதில்ல. முதல் நாளே அதைத் திட்டம் போட்டு உருவாக்கிடுறோம்.

இதோட விலை உயிர். 9 ஐரோப்பிய நாடுகள்ல நடத்தின ஆய்வு 2014ல லான்செட் இதழ்ல வந்தது. ஒரு நர்ஸ் பார்க்கிற நோயாளி எண்ணிக்கையில ஒண்ணு கூடினா, அறுவை சிகிச்சை முடிஞ்சவங்க 30 நாளுக்குள்ள இறக்கிற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு அதுல கண்டாங்க. அமெரிக்காவோட கலிஃபோர்னியாவுல 2004ல இருந்து விகிதம் சட்டமாவே அமல்ல இருக்கு. ஐசியுவுல 2 நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது வார்டுல 5 பேருக்கு ஒருத்தர். அந்த வார்டோட வேலை தெரியும்னு உறுதி ஆகாம ஒரு நர்ஸை அங்க போடவும் கூடாது.

நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? 2015ல எம்ஆர்பி தேர்வு எழுதி வேலைக்கு வந்த நர்ஸ்களுக்கு ஆரம்ப சம்பளம் மாசம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பர்ல டிஎம்எஸ் வளாகத்துல உட்கார்ந்தாங்க. கொரோனா காலத்துல ஒப்பந்தத்துல எடுத்தவங்கள்ல ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை 2022 டிசம்பர் 31ஓட போகச் சொன்னாங்க. மாவட்ட சுகாதார சங்கம் மூலமா மாற்று வேலைன்னு அரசு சொன்னது. அதுவும் தற்காலிகம்தான். 2025 டிசம்பர்ல ஒப்பந்த நர்ஸ்களோட போராட்டம் நம்ம கிளாம்பாக்கம் வரைக்கும் வந்துச்சு. ஆட்சி மாறுச்சு, கோரிக்கை மாறல. பழகின கைகளைத் தற்காலிகமாவே வெச்சுட்டு, ஆள் இல்லன்னு ஐசியுவுல கடன் வாங்குறது என்ன நிர்வாகம்?

"ஐசியு காலியா இருந்தா சும்மா உட்காரணுமா?"ன்னு சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்வி. அவசரத்துக்கு உதவிக்குப் போகலாம், ஆனா விதியோட போகணும்:

▪️ யாரை அனுப்பலாம்னு ஐசியு இன்சார்ஜ் சிஸ்டர், நோயாளிகளோட நிலையைப் பார்த்து முடிவு பண்ணணும்.
▪️ போறவரை வார்டு நர்ஸ் ஒருத்தரோட ஜோடியா போடணும். முழு வார்டையும் தலையில கட்டக் கூடாது.
▪️ வாய்மொழி உத்தரவு வேண்டாம், எழுத்துல வேணும்.
▪️ ஐசியுவுக்கு ஆள் தேவைன்னா உடனே திரும்ப அனுப்பணும்.
▪️ மாசத்துக்கு எத்தனை தடவை இப்படி நடந்ததுன்னு பதிவு பண்ணணும். அந்த எண்ணிக்கைதான் எத்தனை பணியிடம் குறையுதுங்கிறதுக்கு ஆதாரம்.

நிரந்தரத் தீர்வு ஒண்ணுதான். விடுப்புக்கும் சேர்த்து பணியிடம் உருவாக்கணும், காலியிடங்களை நிரப்பணும், ஒப்பந்த நர்ஸ்களை நிரந்தரமாக்கணும்.

தோழர்களே, இந்தப் பதிவை ஷேர் பண்றதோட நிறுத்த வேண்டாம். உங்க பகுதி அரசு மருத்துவமனையோட பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துல ஒரு ஆர்டிஐ மனு போடுங்க. நாலு கேள்வி போதும்: அனுமதிக்கப்பட்ட நர்ஸ் பணியிடம் எத்தனை? நிரப்பினது எத்தனை? அதுல ஒப்பந்தம் எத்தனை? போன மாசம் ஐசியுவுல இருந்து வேற வார்டுக்கு எத்தனை தடவை மாத்தினாங்க? 30 நாளுக்குள்ள பதில் தரணும்ங்கிறது சட்டம். பதில் வந்ததும் நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க, வெளியிடுறோம்.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். வார்டுல தாமதம் ஆனா அங்க ஓடிக்கிட்டு இருக்கிற சிஸ்டர்கிட்ட கத்தாதீங்க. அந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடம் கோட்டை.

#நர்ஸ்_பணியிடத்தை_நிரப்பு
#ஒப்பந்தத்தை_நிரந்தரமாக்கு

— தகவல் தொழில்நுட்ப அணி, தாம்பரம்